அமிகா 500இல் பைஸ்டார்ம் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

1987இல் வந்த கமடோர் அமிகா 500 என்ற வீட்டுக் கணினியின் செயலி மோட்டரோலா 68000. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான ஐரோப்பிய இயந்திரங்களில் இது 7.09 மெகாஹெர்ட்ஸிலும், என்டிஎஸ்சி முறைக்கான அமெரிக்க இயந்திரங்களில் 7.16 மெகாஹெர்ட்ஸிலும் ஓடும். செயலியைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் வேகமான ஒன்றைச் செருகும் பலகைகள் அன்றிலிருந்தே உண்டு. இப்போது ஆர்வலர்கள் அதிகம் கையாள்வது பைஸ்டார்ம். இதன் வடிவமைப்பு எல்லாருக்கும் திறந்தது. 68000 இருந்த இடத்தில் ஒரு சிறு பலகை, அதன்மேல் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி (இனி வெறும் பை), அவ்வளவுதான் வன்பொருள். பையில் ஓடும் எமு68 என்ற மென்பொருள், 68040 வகைச் செயலியாக அமிகாவிடம் நடிக்கிறது.

வேலை கடினமானதல்ல, பொறுமையாகச் செய்தால் ஒரு மாலைப் பொழுது போதும். ஆனால் மின்சாரம், தொடர்பு, மென்பொருள் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்தால் எங்கே தேடுவதென்றே தெரியாது. அதனால் கீழே உள்ள வரிசையைக் கலைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றை மட்டும் மாற்றி, அதைச் சோதித்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும்.

எப்படி வேலை செய்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிப் பழுதுகள் தாமாகவே விளங்கிவிடும்.

68000க்கு 64 பின்கள். அவற்றில் முகவரிக்கு 23, தரவுக்கு 16, மீதி கட்டுப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும். பையின் 40 பின் வரிசையில் மென்பொருள் ஆட்டிவைக்கக்கூடியவை 28 மட்டுமே. அதோடு பை பேசுவது 3.3 வோல்ட், அமிகா பேசுவது 5 வோல்ட். நேராகக் கோத்தால் பை கருகிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் பைஸ்டார்ம் பலகை. முகவரியையும் தரவையும் அது அதே 16 கம்பிகளில் தவணை முறையில் வாங்கி, மின்னழுத்தம் மாற்றி, 68000 பேசும் கணக்கில் மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. இந்த நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்வது ஆல்டெரா மேக்ஸ் 2 வகை சிபிஎல்டி, அதாவது உள்சுற்றை நாமே எழுதிவைக்கக்கூடிய சிப். அதற்குள் ஃபர்ம்வேர், அதாவது அந்த உள்சுற்றின் வரையறை, எழுதப்படும்வரை பலகை வெறும் பச்சைத் தகடுதான்.

வேகம் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதும் இதிலேயே இருக்கிறது. 68000 ஒருமுறை நினைவகத்தைத் தொட குறைந்தது 4 கடிகாரத் துடிப்பு வேண்டும். 7.09 மெகாஹெர்ட்ஸை 4ஆல் வகுத்து, ஒரு தடவைக்கு 2 பைட் என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 3.5 மெகாபைட். மதர்போர்டில் இருக்கும் சிப் ரேமின், அதாவது படம், ஒலி சிப்புகளும் பங்கிட்டுக்கொள்ளும் நினைவகத்தின், உச்சவரம்பு இது. எந்தப் பையைச் செருகினாலும் இது கூடாது, ஏனென்றால் படமும் ஒலியும் தரும் பழைய சிப்புகள் அந்தத் தாளத்துக்குத்தான் ஆடுகின்றன. பையின் சொந்த நினைவகமோ செயலிக்கு மட்டுமான ஃபாஸ்ட் ரேமாகத் தெரியும், அங்கே இந்த வரம்பு கிடையாது. ஆகவே கணக்கீடு, கோப்பு விரிப்பு, நிரல் தொகுப்பு எல்லாம் தலைகீழாக மாறும். சிப் ரேமில் ஓடும் பழைய விளையாட்டு பெரிதாக மாறாது. விளையாட மட்டும் அமிகா வைத்திருப்பவர் இந்தச் செலவு தேவையா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

என்னென்ன வேண்டும்

பை விஷயத்தில் நல்ல தெரிவு இரண்டு. முதலாவது ராஸ்பெர்ரி பை 3ஏ பிளஸ்: 1.4 கிகாஹெர்ட்ஸ், 512 மெகாபைட் நினைவகம், முழு அளவு எச்டிஎம்ஐ. இரண்டாவது ஸீரோ 2 டபிள்யூ: 1 கிகாஹெர்ட்ஸ், அதே 512 மெகாபைட், மினி எச்டிஎம்ஐ, பின் வரிசையை நாமே சால்டர் செய்யவேண்டியிருக்கும். இடம் இருந்தால் 3ஏ பிளஸ் வாங்குங்கள். 3பி பிளஸும் ஓடும், ஆனால் அதன் யுஎஸ்பி, ஈதர்நெட் சாக்கெட்டுகள் உயரமானவை, எங்காவது இடிக்கும். பழைய ஸீரோ கையில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். எமு68க்கு 64 பிட் ஏஆர்எம் செயலி கட்டாயம், முதல் தலைமுறை ஸீரோவில் அது இல்லை.

மற்றவை:

பைஸ்டார்ம் பலகை ஒன்று, அமிகா 500க்கான மூல வடிவம். அமிகா 1200க்கான 32 பிட் பலகை வேறு, அது இந்த சாக்கெட்டில் பொருந்தாது.
32 பின் கொண்ட மெல்லிய உருண்டை வரிசை 2, இரட்டை வரிசை 40 பின் பெண் இணைப்பி 1. பலகை பாதி பொருத்தப்பட்டு வந்தால் இவை தேவை.
மைக்ரோ எஸ்டி அட்டை 2: ஃபர்ம்வேர் எழுத ஒன்று, நிரந்தரப் பயன்பாட்டுக்கு ஒன்று. 8 அல்லது 16 கிகாபைட் தாராளம்.
கிக்ஸ்டார்ட் (அமிகாவின் தொடக்க மென்பொருள்) 3.1 அல்லது அதற்குப் பிந்தைய ரோம் கோப்பு, அதற்குப் பொருந்தும் வொர்க்பெஞ்ச் (அமிகாவின் திரைச்சூழல்) நிறுவல் வட்டுகள்.
மல்டிமீட்டர், நுனி மெலிந்த சால்டரிங் அயர்ன், ஃபிளக்ஸ், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கேப்டன் டேப் (சூடு தாங்கும் மின்காப்பு டேப்), கடத்தும் கறுப்பு ஃபோம் ஒரு துண்டு.

பின் வரிசையில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சதுரப் பின்கள் 0.64 மில்லிமீட்டர் தடிமன். ஐசி சாக்கெட்டின் உதடுகள் தகடு போன்ற மெல்லிய கால்களுக்காக வளைக்கப்பட்டவை. சதுரப் பின்னை ஒருமுறை அழுத்தினாலே அவை விரிந்துபோகும். பிறகு பழைய 68000ஐத் திரும்பப் போட்டால் சில கால்கள் தொட்டும் தொடாமலும் நிற்கும். பலகையை எப்போதாவது கழற்ற எண்ணமிருந்தால் உருண்டை மெல்லிய பின்தான் சரி.

முதலில் இயந்திரத்தைச் சோதியுங்கள்

பழைய 68000 இருக்கும்போதே அமிகா அரைமணி நேரம் தடையின்றி ஓடவேண்டும். வட்டிலிருந்து வொர்க்பெஞ்ச் ஏறவேண்டும், ஒலி வரவேண்டும், மௌஸ் நகரவேண்டும். ஏற்கெனவே நோய் இருக்கும் இயந்திரத்தில் பைஸ்டார்ம் போட்டால் குணமாகாது, நோய் ஒளிந்துகொள்ளும்.

மேல்மூடியைத் திறக்க அடியில் உள்ள திருகுகளைக் கழற்றுங்கள். பிளஸ் தலையும் நட்சத்திரத் தலையும் இரண்டுமே இயந்திரத்துக்கு இயந்திரம் மாறி வரும். விசைப்பலகையின் சிறு இணைப்பியைப் பிடுங்கும் முன் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். உள்ளே இருக்கும் தகரக் கவசத்தின் திருகுகளையும், அதை மடித்துப் பிடிக்கும் காதுகளையும் நிமிர்த்தினால் அது வெளியே வரும். பைஸ்டார்ம் பொருத்திய பிறகு கவசம் பெரும்பாலும் திரும்பப் போகாது.

வயிற்றுப் பக்கக் கதவில் ஏ501 நினைவக அட்டை இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள நீல அல்லது பச்சை நிறப் பீப்பாய் மின்கலம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கசிந்திருக்கும். அமிகா 500 பிளஸில் அதே மின்கலம் மதர்போர்டிலேயே உட்கார்ந்திருப்பதால் பாதிப்பு இன்னும் மோசம். கசிவு பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ தெரிந்தால் மின்கலத்தை வெட்டி எடுத்து, வினிகரை பிரஷ்ஷால் தடவிக் காரத்தை முறித்து, நீரில் துடைத்து, கடைசியாக ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். செயலி சாக்கெட் வரை கசிவு ஊர்ந்திருந்தால் சாக்கெட்டை மாற்றாமல் மேலே போவதில் பயனில்லை.

அடுத்தது மின்னழுத்தம். இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பின்னால் அவதிப்படுகிறவர்களும் அவர்களே. 68000இன் தலையில் உள்ள பள்ளத்தை மேலே வைத்துப் பார்த்தால் இடது மேல் மூலை 1ஆம் பின், அங்கிருந்து கீழே எண்ணுங்கள். 14ஆம் பின் 5 வோல்ட், 16ஆம் பின் தரை. எதிர்ப்பக்கத்தில் 49 மறுபடி 5 வோல்ட், 53 தரை. அமிகா ஓடிக்கொண்டிருக்கும்போதே 14க்கும் 16க்கும் இடையே அளவிடுங்கள். 4.9 முதல் 5.1 வரை இருந்தால் கவலையில்லை. 4.8க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மின்பெட்டியின் காய்ந்த கெபாசிட்டர்கள், அழுக்கேறிய சதுர மின்செருகி, அந்தச் செருகிக்குப் பின்னால் விரிசல் விட்ட சால்டர். மின்பெட்டியின் லேபிளையும் படியுங்கள். கனமான பழைய பெட்டிகளில் 5 வோல்ட்டுக்கு 4.3 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும், அது போதும். சுமையில்லாமல் வெறும் செருகியில் அளந்து, சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள், சுமை ஏறும்போதுதான் உண்மை தெரியும். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி நம் 230 வோல்ட்டில் அப்படியே ஓடும். அமெரிக்கப் பெட்டியை நேராகச் செருகினால் அதோடு அது முடிந்தது.

பின்களைச் சால்டர் செய்தல்

நுண்ணிய சிப்புகளெல்லாம் பொருத்தப்பட்ட பலகையையே வாங்குவது புத்திசாலித்தனம். அப்படி வாங்கினால் மிஞ்சுவது துளைவழிப் பின்கள் மட்டும்.

செயலிப் பின்களை முதலில் போடுங்கள், 40 பின் இணைப்பி பிறகு. இரண்டு 32 பின் வரிசைகளையும் ஒரு காலி 64 பின் சாக்கெட்டில் செருகி, அதன்மேல் பலகையை வைத்தால் பின்கள் நேராக நிற்கும். அமிகாவின் சாக்கெட்டையே அச்சாகப் பயன்படுத்த ஆசை வரும், சூட்டில் அதன் பிளாஸ்டிக் இளகிவிடும் என்பதால் வேண்டாம். அயர்ன் 350 டிகிரி செல்சியஸ். நான்கு மூலைப் பின்களை மட்டும் முதலில் பிடித்துவிட்டு, பலகை மட்டமாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்திருந்தால் அந்த மூலையைச் சூடாக்கி அழுத்துங்கள். 64ஐயும் சால்டர் செய்த பிறகு சாய்வைத் திருத்த முடியாது. பிறகு மேலே துருத்தும் நுனிகளைத் தட்டையாக வெட்டிவிடுங்கள். அவை மேலே வரும் பையைத் தொட்டால் ஷார்ட் ஆகும், அதற்காகவே இடையில் ஒரு பட்டை கேப்டன் டேப் ஒட்டுவது நல்லது.

முடிந்ததும் ஃபிளக்ஸை ஆல்கஹாலால் கழுவி, மல்டிமீட்டரை ஒலி நிலையில் வைத்துப் பக்கத்துப் பின்களை ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பாருங்கள். பின் 14க்கும் 49க்கும் இடையே ஒலி வரவேண்டும், இரண்டும் 5 வோல்ட் என்பதால். 16க்கும் 53க்கும் அதே மாதிரி. 14க்கும் 16க்கும் இடையே விடாமல் ஒலித்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை மின்சாரம் காட்டாதீர்கள்.

சிபிஎல்டிக்கு ஃபர்ம்வேர்

இதை அமிகாவுக்கு வெளியே, மேசைமேல் வைத்துச் செய்யுங்கள். பையைப் பலகையில் செருகி, பையின் சொந்த மைக்ரோ யுஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுங்கள். அந்த யுஎஸ்பி வயரைத் தொடுவது இந்த ஒரு கட்டத்தில் மட்டுமே. பலகை அமிகாவுக்குள் இருக்கும்போது அதைச் செருகினால் பையின் அடாப்டர் அமிகா முழுவதற்கும் பின்வழியாக மின்சாரம் தள்ளப் பார்க்கும். இரண்டு மின்பெட்டிகளும் மோதிக்கொள்ள, சேதம் நடுவில் இருப்பவற்றுக்கு.

முதல் எஸ்டி அட்டையில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட் ஏற்றி, வைஃபை, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து நுழையும் வழி) இரண்டையும் ஏற்றும்போதே அமைத்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் கிட் (நிரல் களஞ்சியத்தை இறக்குவது), ஓப்பன்ஓசிடி (சிப்பில் எழுதுவது) ஆகிய இரண்டையும் நிறுவுங்கள். பைஸ்டார்ம் களஞ்சியத்தை இறக்கி, அதிலுள்ள ஃபிளாஷ் ஸ்கிரிப்டை நிர்வாகி உரிமையோடு இயக்குங்கள். ஸ்கிரிப்ட் ஜேடாக் என்ற சிப் நிரலாக்க இணைப்பு வழியாகச் சிப்பின் அடையாள எண்ணைப் படித்துத் திரையில் காட்டும். பலகையில் இருப்பது இபிஎம் 240 என்றால் அந்த எண் 020ஏ10டிடி, இபிஎம் 570 என்றால் 020ஏ20டிடி. சிப்பின்மேல் அச்சிட்டிருப்பதோடு இது ஒத்துப்போகவேண்டும். இரண்டுக்கும் ஃபர்ம்வேர் கோப்பு வேறு வேறு.

எண் முழுவதும் பூஜ்ஜியமாகவோ முழுவதும் எஃப் ஆகவோ வந்தால் சிப் செத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். 40 பின் இணைப்பியில் ஏதோ ஒரு கால் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது பை ஒரு வரிசை தள்ளிச் செருகப்பட்டிருக்கிறது. மறுபடி சால்டரைத் தொட்டுவிட்டு முயலுங்கள். எழுதி முடித்ததாகச் செய்தி வந்த பிறகு பையை முறையாக அணைத்து, இந்த அட்டையை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். எமு68இன் புதிய பதிப்பு வரும்போது வெளியீட்டுக் குறிப்பு புதிய ஃபர்ம்வேரையும் கேட்டால் இதே அட்டை மறுபடி உதவும்.

நிரந்தர எஸ்டி அட்டை

இரண்டாவது அட்டையில் இரண்டு பகுதிகள் வேண்டும். பகுதி அட்டவணை எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்கட்டும், புதிய ஜிபிடி வேண்டாம்.

முதல் பகுதி: ஃபேட்32, 256 மெகாபைட் போதும். எமு68 வெளியீட்டிலிருந்து மூலப் பைஸ்டார்முக்கான ஸிப் கோப்பை விரித்து உள்ளே இருப்பதையெல்லாம் இங்கே போடுங்கள். வெளியீட்டில் 1200க்கான 32 பிட் பலகைக்கும் ஒரு ஸிப் இருக்கும். பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் பலர் தவறுவது இங்கேதான். அடுத்து ரோம் கோப்பு. அதன் பெயர் கிக்.ரோம் (kick.rom) என்று இருக்கவேண்டும். வேறு பெயர் வைத்தால் கான்ஃபிக் கோப்பில் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) என்று தொடங்கும் வரியில் அதே பெயரை எழுதுங்கள்.

ரோம் கோப்பின் அளவை பைட் கணக்கில் பாருங்கள், சரியாக 524,288 இருக்கவேண்டும். 524,299 என்று காட்டினால் அது உரிமத்தோடு விற்கப்படும் தொகுப்பிலிருந்து வந்த, பூட்டப்பட்ட கோப்பு. முன்னால் 11 பைட் தலைப்பு ஒட்டியிருக்கும், அதனோடு வந்த சாவிக் கோப்பைக் கொண்டு அதைத் திறந்த வடிவத்துக்கு மாற்றியே பயன்படுத்தவேண்டும். தலைப்பை மட்டும் வெட்டினால் போதாது, உள்ளடக்கமும் குழப்பப்பட்டதுதான். 3.1இல் அமிகா 500க்கான 40.63ஐவிட 1200க்கான 40.68தான் இந்தப் பலகையோடு வழக்கமாகப் பயன்படுகிறது. ரோம் இன்றும் காப்புரிமை உள்ள பொருள், விலைக்கே கிடைக்கிறது.

இரண்டாவது பகுதி: அமிகாவின் வன்வட்டாகப் போவது இதுதான். பகுதி வகை எண்ணை ஹெக்ஸ் 76 என்று வையுங்கள். லினக்ஸில் எஃப்டிஸ்க் வழியாக வகையை மாற்றலாம், விண்டோஸில் டிஸ்க்பார்ட் பகுதியை உருவாக்கும்போதே எண்ணைக் கேட்டுக்கொள்ளும். 76 என்று குறித்த ஒவ்வொரு பகுதியையும் எமு68 ஒரு தனி வட்டாக அமிகாவிடம் காட்டும். அமிகாஓஎஸ் 3.1 என்றால் இந்தப் பகுதியை 3.5 கிகாபைட்டோடு நிறுத்துங்கள். அதன் பழைய கோப்பு முறைக்கு 4 கிகாபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. தாண்டினால் எண்ணிக்கை சுற்றி வந்து வட்டின் தொடக்கத்திலேயே எழுதி, இருப்பதை அழித்துவிடும். 3.1.4, 3.2 ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

இனி இந்த அட்டையை விண்டோஸில் செருகும்போதெல்லாம் "ஃபார்மேட் செய்யவேண்டுமா" என்று அது கேட்கும். எப்போதும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

68000ஐக் கழற்றிப் பலகையைப் பொருத்துதல்

மின்சாரத்தைத் துண்டித்து, உலோகம் எதையாவது தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். 68000 நீளமான சிப் என்பதால் ஒரு முனையிலேயே நெம்பினால் மறுமுனைக் கால்கள் மடங்கும். தட்டை ஸ்க்ரூடிரைவரைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே நுழைத்து, இந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் என்று மாறிமாறித் தூக்குங்கள். சாக்கெட்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே நுழைத்துவிட்டால் கீழே ஓடும் செப்புத் தடங்கள் அறுபடும். கழற்றிய சிப்பைக் கறுப்பு ஃபோமில் குத்தி வையுங்கள், பழையபடி திரும்ப வேண்டுமானால் அதுதான் ஒரே வழி.

காலி சாக்கெட்டை ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். பலகையின் பள்ளக் குறியும் சாக்கெட்டின் பள்ளக் குறியும் ஒரே பக்கம் பார்க்கவேண்டும். திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்போம்: ஒவ்வொரு பின்னும் 32 தள்ளி எதிர்ப்பக்கம் போகும். சாக்கெட்டின் 14இல் உள்ள 5 வோல்ட் பலகையின் 46இல், அதாவது ஒரு முகவரிக் கம்பியில் பாயும். 49இல் உள்ளது 17ஆம் பின்னான ஹால்ட் கம்பியில் பாயும். ஒரு நொடி போதும்.

64 பின்களும் துளைகளின் வாயில் நிற்பதை நான்கு பக்கமும் குனிந்து பார்த்த பிறகு, இரண்டு கட்டைவிரல்களால் சமமாக அழுத்துங்கள். கையால் அழுத்தும்போது மதர்போர்டு வில்போல வளைந்தால் அதற்கு அடியில் ஏதாவது முட்டுக்கொடுங்கள். பலகை மட்டமாக உட்காரவேண்டும். எந்த மூலையாவது தூக்கி நின்றால் அங்கே பின்கள் முழுதாக இறங்கவில்லை. கடைசியாகப் பையையும் எஸ்டி அட்டையையும் செருகுங்கள்.

இடதுபக்க விரிவாக்க வாயிலில் வன்வட்டுப் பெட்டியோ வேறு எதுவோ இருந்தால் கழற்றி வையுங்கள். ஏ501ஐயும் இப்போதைக்கு வெளியே வையுங்கள்.

முதல் மின்சாரம்

பையின் எச்டிஎம்ஐயை ஒரு திரையிலும், அமிகாவின் வழக்கமான வீடியோவை இன்னொன்றிலும் இணைத்துவிட்டு மின்விசையைப் போடுங்கள். அமிகா திரை சில நொடி கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் பை விழித்துக்கொண்டிருக்கிறது. எச்டிஎம்ஐயில் எமு68இன் சின்னம் தெரியும், கொஞ்ச நேரத்தில் அமிகா திரையில் வட்டு கேட்கும் கிக்ஸ்டார்ட் படம் வரும்.

வந்துவிட்டால் உடனே மல்டிமீட்டரை எடுங்கள். பலகையின் மேற்புறத்தில் பின் 14க்கும் 16க்கும் இடையே மறுபடி அளவிடுங்கள். பை ஏறிய சுமையில் முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் 4.8க்கு மேலேயே நிற்கவேண்டும். பை தனக்கு மின்சாரம் பற்றவில்லை என்று முறையிடுவது 4.63 வோல்ட்டில்தான், ஆனால் அமிகாவின் சிப்புகளுக்கு 4.75தான் அடித்தளம். பை சும்மா இருக்கிறதே என்று நம்பியிருந்தால் அமிகா அதற்கு முன்பே தடுமாறும்.

படம் வராவிட்டால் மேலிருந்து கீழாகப் பாருங்கள்:

எச்டிஎம்ஐயும் கறுப்பு: பை ஏறவேயில்லை. பையின் பச்சை விளக்கைக் கவனியுங்கள். 4 முறை சிமிட்டி நின்று மறுபடி 4 முறை என்றால் தொடக்கக் கோப்பு அட்டையில் இல்லை. 7 முறை என்றால் கர்னல், அதாவது எமு68 கோப்பே காணோம், ஸிப்பை ஒரு துணை அடைவுக்குள் விரித்திருப்பீர்கள். விளக்கே எரியவில்லை என்றால் 5 வோல்ட் வரவில்லை.

எச்டிஎம்ஐயில் சின்னம் வருகிறது, அமிகா கறுப்பு: பை நலம், பாலம் உடைந்திருக்கிறது. சிபிஎல்டி ஃபர்ம்வேர் எழுதப்படவில்லை, அல்லது பதிப்பு ஒத்துப்போகவில்லை, அல்லது 64 பின்களில் ஒன்று தொடவில்லை. பலகையைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்துவதே முதல் மருந்து, பாதிக்கு மேல் அதிலேயே தீரும்.

அமிகா திரை முழுதும் சிவப்பு: ரோமின் கூட்டுத்தொகை தவறு. கோப்பின் அளவை மறுபடி பாருங்கள். பச்சை: சிப் ரேமைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை. பழைய 68000இல் ஓடிய இயந்திரம் இப்போது பச்சை காட்டினால் ரேமைக் குறை சொல்லாதீர்கள், தரவுக் கம்பிகளில் ஒன்று சாக்கெட்டில் பிடிக்கவில்லை. மஞ்சள்: செயலி தடுக்கி விழுந்தது, முகவரிக் கம்பியிலோ ஃபர்ம்வேரிலோ தேடுங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டுகிறது: இது விசைப்பலகையின் சொந்தப் புலம்பல். ஒருமுறை சிமிட்டினால் அதன் ரோம், இருமுறை என்றால் அதன் ரேம். இணைப்பி ஒரு பின் தள்ளிச் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நன்றாக ஏறி, பத்து நிமிடத்தில் தொங்குகிறது: மின்னழுத்தம், இல்லையேல் சூடு. இரண்டையும் அளக்கலாம், ஊகிக்கவேண்டாம்.

வன்வட்டு

நிறுவல் வட்டிலிருந்து ஏற்றி, வன்வட்டைப் பிரிக்கும் எச்டிடூல்பாக்ஸ் நிரலின் படத்தை ஒருமுறை சொடுக்கி, தகவல் சாளரத்தில் ஸ்கசி டிவைஸ் நேம் என்ற வரியைப் பாருங்கள். அதில் உள்ள பெயரை பிஆர்சிஎம்-எஸ்டிஎச்சி.டிவைஸ் (brcm-sdhc.device) என்று மாற்றிச் சேமியுங்கள். பெயர் சிறிய எழுத்தில், நடுவே ஒரு சிறு கோடு, கடைசிப் புள்ளிக்குப் பிறகு டிவைஸ். ஓர் எழுத்து தவறினாலும் நிரல் வட்டே இல்லை என்று சொல்லிவிடும்.

நிரலைத் திறந்தால் வட்டுகள் தெரியும். யூனிட் 0 என்பது எஸ்டி அட்டை முழுவதும். அதைத் தொட்டால் ஃபேட்32 பகுதியும் சேர்ந்து போய்விடும். நமக்கு வேண்டியது யூனிட் 1, அதாவது 76 என்று குறித்த முதல் பகுதி. வட்டு வகையைப் புதிதாக வரையறுத்து, அமைப்பைப் படிக்கச் சொன்னால் அளவு தானாக நிரம்பும். காட்டும் அளவு நீங்கள் வைத்த பகுதியின் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே மேலே போங்கள். இயக்க முறைமைக்கு 500 மெகாபைட்டில் ஒரு பிரிவு, மீதி எல்லாம் இன்னொரு பிரிவு. இயக்க முறைமைப் பிரிவைச் சிறிதாக வைத்தால், அது கெட்டாலும் கோப்புகள் தப்பும். மாற்றங்களை எழுதி, கன்ட்ரோலோடு இரண்டு அமிகா விசைகளையும் அழுத்தி மறுதொடக்கம் செய்து, இரண்டையும் விரைவு முறையில் ஃபார்மேட் செய்து, நிறுவலைத் தொடங்குங்கள்.

வட்டு இயக்கி பழுதானவர்களுக்கு வேறு வழி உண்டு. பிசியில் வின்யுஏஇ என்ற அமிகா எமுலேட்டரை நிர்வாகி உரிமையோடு திறந்து, 76 பகுதியை மட்டும் வன்வட்டாக இணைத்து, நிறுவலை அங்கேயே முடித்து அட்டையை அமிகாவுக்கு எடுத்து வரலாம்.

பிக்காசோ96 என்ற திரை மென்பொருளை நிறுவி, எமு68 தரும் வீடியோகோர் இயக்கியைச் சேர்த்தால் வொர்க்பெஞ்ச் எச்டிஎம்ஐ வழியே உயர் தெளிவில் வரும். அமிகாவின் பழைய திரை முறைகள் இதில் வராது, அவை இன்னும் பழைய வீடியோ வாயிலில்தான். ஆகவே மேசைமேல் இரண்டு திரைகள், அல்லது இரண்டு உள்ளீடு உள்ள ஒன்று.

சூடும் மூடியும்

3ஏ பிளஸ் 60 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தை 1.4இலிருந்து 1.2 கிகாஹெர்ட்ஸுக்குத் தானாகக் குறைத்துக்கொள்ளும். தொங்காது, மெதுவாகும். அதனால் பலர் கவனிப்பதேயில்லை. மூடிய அமிகாவுக்குள் காற்றோட்டம் குறைவு என்பதால் தட்டையான ஒரு ஹீட்சிங்க் போடத்தான் வேண்டும். அது எங்கும் இடிக்காமல் இருக்கிறதா என்று அறிய எளிய வழி: ஹீட்சிங்கின் உச்சியிலும் பையின் உயரமான பாகங்களின் மேலும் களிமண் உருண்டை ஒட்டி, விசைப்பலகையை மெதுவாக வைத்து எடுங்கள். நசுங்கிய உருண்டையின் தடிமனே மிச்சமிருக்கும் இடைவெளி. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் விசைப்பலகையின் அடித்தகட்டில் கேப்டன் டேப் ஒட்டுங்கள். எச்டிஎம்ஐ வயருக்காகப் பெட்டியை வெட்டும் முன், வளைந்துகொடுக்கும் தட்டை நீட்டிப்பு வயர் ஒன்றை வயிற்றுக் கதவு வழியே வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். வெட்டிய பெட்டியை ஒட்ட முடியாது.

மூடுவதற்கு முன் ஒருநாள் திறந்தபடியே ஓடவிடுங்கள். அதன் பிறகு ஏ501, வேறு விரிவாக்கம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள்.

பழைய மென்பொருள் முரண்டு பிடித்தால்

அந்தக் காலத்து நிரல்கள் பல, நேரத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கவில்லை, ஒரு வெற்றுச் சுழற்சியைச் சுற்றவிட்டு அளந்தன. புரோட்ராக்கர் இசை வாசிப்பான் இதற்கு நல்ல உதாரணம். ஒலிச் சிப்புக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, அது தயாராகும்வரை டிபிஎஃப் என்ற கட்டளையை நூற்றுக்கணக்கான தடவை சுற்றும். 7 மெகாஹெர்ட்ஸில் அது சரியான இடைவெளி. பைஸ்டார்மில் கண் இமைப்பதற்குள் சுழற்சி முடிந்துவிடும், சிப் தயாராகாமலேயே அடுத்த கட்டளை வந்து சேரும், பாட்டில் சில ஸ்வரங்கள் காணாமற்போகும். பலகை பழுது என்று கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு, பழுது ஒன்றும் இல்லை. எமு68 கருவித் தொகுப்பில் டிபிஎஃப் சுழற்சியை மெதுவாக்கும் அமைப்பும், சிப் ரேமில் ஓடும் நிரலை மெதுவாக்கும் அமைப்பும் இருக்கின்றன. முதலில் அவற்றைப் போட்டுப் பாருங்கள். விளையாட்டுகளுக்கு டபிள்யூஎச்டிலோட் என்ற நிரல் வழியாக வன்வட்டில் நிறுவிய பதிப்பு இன்னும் நல்லது, அதில் இத்தகைய நேரக் கோளாறுகள் பலவும் ஒவ்வொரு விளையாட்டாகத் திருத்தப்பட்டிருக்கின்றன. ஓடும்போதே தன் கட்டளைகளைத் தானே திருத்தி எழுதும் டெமோக்களில் (பட, ஒலி வித்தை காட்டும் நிரல்களில்) சில என்ன செய்தாலும் ஓடாது. அவற்றுக்காகத்தான் பழைய 68000 ஃபோமில் காத்திருக்கிறது.